இருபத்தாறைத் தொடுமுன்

தமயந்தி செய்த கண்ட்ரோல் பேனலுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் பரீட்சை. தேறினால், நகரத்துக்குக் குழாயில் கேஸ் அனுப்பும் நிறுவனத்தின் நான்கு நிலையங்களில் அது போய் உட்காரும். தேறாவிட்டால் நான்கு வருட உழைப்பு பீன்யா தொழிற்பேட்டையின் ஏதாவது ஒரு காயலான் கடைக்குப் போகும். மூன்றாவது வழி ஏதும் இல்லை என்று முதலாளி சுந்தரராமன் முதல் நாளே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார். வேலையில் தலையை விட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு முதலாளி எதற்குச் சிரிக்கிறார் என்று யோசிக்க நேரம் ஏது? அவளும் யோசிக்கவில்லை.

விஷயம் இதுதான். வெகுதூரத்திலிருந்து குழாயில் வரும் கேஸ் பயங்கர அழுத்தத்தில் வருகிறது. அதை அப்படியே வீட்டு அடுப்புக்குத் திறந்துவிட்டால் அடுப்போடு வீடும் போய்விடும். அதனால் ஊர் எல்லையில் ஒரு வால்வை வைத்து, கேஸின் கழுத்தை நெரித்து, சாதுவாக்கி உள்ளே அனுப்புகிறார்கள். நெரிக்கும்போது அத்தனை அழுத்தமும் வீணாகிறது. அதை வீணாக்குவானேன், அந்த வேகத்தில் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றவிட்டு அதோடு ஒரு ஜெனரேட்டரைப் பூட்டினால் கரண்ட் கிடைக்குமே என்று ஆரம்பித்ததுதான் சுந்தரராமனின் கம்பெனி. சக்கரம் உள்ளங்கை அகலம். ஓடுவதோ நிமிடத்துக்கு இருபத்துநாலாயிரம் சுற்று.

ஜெனரேட்டரின் தலையில் சுமை இருக்கிறவரை சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்கும். வெளி லைனில் கரண்ட் போனால் சுமை சட்டென்று விட்டுப்போகும். சக்கரம் தறிகெட்டு ஓடும். இதை அடக்க எல்லாரும் செய்வது, சக்கரத்துக்கு வரும் கேஸைக் குறைப்பது. ஆனால் அந்தக் கேஸை நம்பி ஊரில் ஆயிரம் அடுப்பு எரிகிறது. சட்டென்று குறைத்தால் அடுப்பு அணையும், மெதுவாகக் குறைத்தால் சக்கரம் பறக்கும்.

தமயந்தி கேஸைத் தொடவே இல்லை. வெளி லைன் போன அதே நொடியில், அவள் செய்த பேனல் அந்தக் கரண்ட்டைத் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் ஹீட்டர் கம்பிகளுக்குத் திருப்பிவிடும். லைன் போனது சக்கரத்துக்குத் தெரியவே தெரியாது. அதன் தலையில் அதே சுமை இருக்கும். வேகம் கொஞ்சம் கூடினால் ஹீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகும், குறைந்தால் குறையும். இன்னொரு லாபமும் உண்டு. அழுத்தம் இறங்கும்போது கேஸ் சில்லிட்டுப் போய்க் குழாயின் மேல் பனி பிடிக்கும். அதை எப்படியும் எதையாவது எரித்துச் சூடாக்கத்தான் வேண்டும். அந்த வேலையை இந்தச் சுடுதண்ணீரே செய்துவிடும். டிப்ளமோ படித்த ஒருத்தி, ஜோகுபாளையத்துச் சின்ன வீட்டில் இட்லி மாவு கரைத்துக்கொண்டே யோசித்துக் கண்டுபிடித்த வித்தை இது. பெரிய பெரிய டை கட்டியவர்களுக்குத் தோன்றவில்லை.

கேஸ் நிறுவனத்தின் எஞ்சினியர் வீணாவுக்கு இந்த வித்தை பிடித்துப்போயிற்று. வேகத்தை அடக்க வேறு யாருடைய கவர்னரும் வேண்டாம், இந்தப் பேனல் தேறினால் இதுதான் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவர் எதிரில்தான் பரீட்சை.

பீன்யாவில் இருக்கும் கம்பெனி ஷெட்டில் கேஸ் கிடையாது. பெரிய கம்ப்ரசர் வைத்துக் காற்றை அடைத்து, கேஸுக்குப் பதில் காற்றை விட்டு ஓட்டுவார்கள். அந்தக் காற்றுக் குழாயின் வாயில் இறுக்கமான ஒரு கைவால்வு, மூடி முடிக்கச் சில நொடி பிடிக்கும். அதன் சக்கரத்தில் கை வைத்துக்கொண்டு மணல்மூட்டைச் சுவருக்குப் பின்னால் நிற்பவர் எத்திராஜ். பேனல் மெஷினுக்கு நாலே அடி தள்ளி. அங்கே நிற்பவள் தமயந்தி. எத்திராஜ் நிற்கும் இடத்திலிருந்து மீட்டர் தெரியாது. அதனால் பல வருடமாக இருவருக்கும் நடுவில் ஒரு ஏற்பாடு. காதில் மாட்டிய இண்டர்காமில் அவள் வேகத்தை ஆயிரக் கணக்கில் சொல்லிக்கொண்டே வருவாள். குரல் வருகிறவரை அவர் கை அசையாது. வேகம் இருபத்தாறாயிரத்தைத் தொட்டால் அவள் வாயை மூடிவிடுவாள். குரல் நின்றதும் அவர் வால்வை மூடுவார். 'மூடு' என்று கத்தினால் இரைச்சலில் அது 'ஓடு' என்று கேட்குமோ என்னவோ. மௌனம் மட்டும் யாருக்கும் தப்பாகக் கேட்காது.

எத்திராஜுக்கு ஐம்பத்திரண்டு வயது, ஃபிட்டர், அல்சூர்க்காரர். பதினாறு வருடமாக இருவரும், முதலில் ஒரே பஸ்ஸில், பிறகு ஒரே மெட்ரோவில், பீன்யாவுக்கு வந்து போகிறவர்கள். ஒரு பெண்பிள்ளையை மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கவைப்பதா என்று ஷெட்டே முணுமுணுத்த காலத்தில், "தமயந்தி நம்பர் சொன்னாத்தான் நான் வால்வைத் தொடுவேன்" என்று முதலாளியிடம் போய் நின்றவர் அவர். அவள் அவரை அண்ணா என்று கூப்பிட்டது வாய் வார்த்தைக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை பதினொன்றே காலுக்கு, கண்ணாடி அறைக்குள் வீணாவும் அவருடைய ஆட்கள் இருவரும் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள். காலையில் ஒவ்வொரு சுவிட்சையும் தமயந்தி தன் கையால் தொட்டுப் பார்த்திருந்தாள். சக்கரம் இருபத்துநாலாயிரத்தில் நூல் பிடித்த மாதிரி ஓடியது. வெளி லைன் போனதுபோல் ஆக்க, சுந்தரராமன் மெயின் சுவிட்சை இறக்கினார்.

"இருபத்திநாலு," என்றாள் தமயந்தி. "இருபத்திநாலரை."

கொஞ்சம் ஏறத்தான் ஏறும். இருபத்தைந்தைத் தொட்டுவிட்டு இறங்க வேண்டும்.

"இருபத்தஞ்சு."

இறங்கவில்லை. ஹீட்டருக்குப் போகும் கரண்ட்டைக் காட்டும் முள் பூஜ்யத்தில் செத்துக் கிடந்தது.

"இருபத்தஞ்சரை."

பிறகு அவள் வாயை மூடிக்கொண்டாள். மெஷினின் ஊளைச் சத்தம் காது மூடியைத் துளைத்துக்கொண்டு ஏறியது. இருபத்தேழு. இருபத்தெட்டைத் தொட்டால் தானாக ஒரு வால்வு அறைந்து மூடும், அதற்குள் சக்கரம் எதுவும் ஆகலாம். இருபத்தேழரைக்குச் சற்று முன்னால் வேகத்தைக் காட்டும் முள் தயங்கியது, நின்றது, இறங்கத் தொடங்கியது. எத்திராஜ் வால்வை மூடிவிட்டார். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

எத்திராஜ்தான் முதலில் ஓடிவந்தார். "உனக்கு ஒண்ணும் ஆவலியே? ஒண்ணும் ஆவலியே?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். மனுஷன் நம்மைக் காப்பாற்றிவிட்டு எப்படிப் பதறுகிறார் பார் என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஹீட்டருக்கு ஏன் கரண்ட் போகவில்லை? பேனல் ஆணை கொடுத்திருந்தது, பதிவில் அது இருந்தது. வழியில் லைனைத் துண்டிக்க இருந்த ஐசொலேட்டர் சுவிட்சும் மேலே ஏறித்தான் இருந்தது. அப்படியானால் ஒயரில் எங்கோ கோளாறு, ஒயர் போட்டவள் தமயந்தி. இதற்கு மேல் யாரும் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. சுந்தரராமன் கோபப்படவே இல்லை. "விடும்மா, இதெல்லாம் சகஜம். ஒரு பெரிய கம்பெனி அவங்க கவர்னரை நம்ம மெஷினுக்குத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. அதைப் போட்டுக்கலாம். நீ அசெம்ப்ளிக்கு மாறிக்கோ, டென்ஷன் இல்லாத வேலை" என்று பரிவாகச் சொன்னார். திட்டியிருந்தால் கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவளுக்குத் தூக்கம் போயிற்று. வியாழன் முதல் ஞாயிறுவரை நான்கு நாள் ஷெட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு ஒயராகக் கழற்றினாள், சோதித்தாள், திரும்ப மாட்டினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். எத்திராஜ் கூடவே இருந்தார். அவர் ஃபிட்டர், ஒயரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் டார்ச் பிடித்தார், ஸ்க்ரூவைப் பொறுக்கிக் கொடுத்தார், சிவாஜிநகரில் இறங்கி அவளுக்குப் பிடித்த சமோசா வாங்கிவந்தார்.

"சும்னே பேஜார் பண்ணிக்காதே தமயந்தி," என்றார். "ஆய்த்து, போனது போச்சு. அசெம்ப்ளி நல்ல வேலைதானே, உக்காந்துக்கினு செய்யலாம்."

"எங்கேயோ தப்பு பண்ணிட்டேண்ணா. என்னன்னு தெரியாம எப்படி வுடறது?"

அவர் டார்ச்சை இன்னும் கொஞ்சம் கிட்டே பிடித்தார். அந்தக் கருணைக்கு அவள் மனசுக்குள் கும்பிட்டாள். அதை இப்போது நினைத்தால் அவளுக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

ஒயரில் ஒரு குற்றமும் இல்லை. திங்கட்கிழமை காலை, வேறு செய்ய ஒன்றும் இல்லாமல், கம்ப்யூட்டரில் அன்றைய பதிவைத் திறந்தாள். மூன்று கோடுகள். சிவப்பு, சக்கரத்தின் வேகம். பச்சை, ஹீட்டருக்குப் போன கரண்ட். நீலம், கைவால்வைத் தாண்டி வரும் காற்றின் அழுத்தம். ஆறு நாளாக ஷெட் மொத்தமும் பச்சைக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, அதுதான் செத்துக் கிடந்தது. நீலத்தை யாரும் பார்க்கவில்லை. பார்க்க அதில் என்ன இருக்கிறது? வால்வை மூடினால் இறங்கும், அவ்வளவுதான்.

அது இறங்கித்தான் இருந்தது. இறங்க ஆரம்பித்த இடத்தில் விரலை வைத்து, நேர் மேலே சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். இருபத்துநாலாயிரத்து இருநூறு.

இருக்காது என்று தோன்றியது. கடிகாரம் பிசகியிருக்கும். பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். முப்பத்தோரு ஓட்டம். ஒன்றில் கூட, சிவப்பு இருபத்தாறைத் தொடுமுன் நீலம் அசைந்ததில்லை. பதினாறு வருடத்தில் அந்தக் கை ஒரு நாளும் அவள் குரலை முந்தியதில்லை. செவ்வாய்க்கிழமை மட்டும், சுவிட்சை இறக்கி ஒரு நொடி ஆவதற்குள், அவள் "இருபத்திநாலரை" என்று சொல்லி முடிக்கும் முன்னாலேயே, அவர் வால்வைத் திருப்பத் தொடங்கியிருக்கிறார். இருபத்துநாலாயிரத்து இருநூறில் பயப்பட ஒன்றுமே இல்லை. ஹீட்டர் வந்து பிடிக்கப்போவதில்லை என்று முன்கூட்டியே தெரிந்த ஆள்தான் அப்போது பயப்படுவான்.

ஹீட்டர் ஐசொலேட்டர் தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கம் இருக்கிறது. எத்திராஜ் நிற்கும் இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும். ஓடும்போது அதை இறக்கவும், பிறகு ஏற்றவும் அவர் ஒருவரால்தான் முடியும். அவள் சாப்பாட்டு நேரம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

எல்லாரும் டிபன் பாக்ஸோடு வெளியே போனதும் வால்வுக்குப் பக்கத்தில் எத்திராஜைப் பிடித்தாள்.

"அண்ணா, செவ்வாக்கிழமை நான் எந்த நம்பர்ல நிறுத்தினேன்?"

"இருபத்தஞ்சரை சொன்னே. அப்புறம் நிறுத்திட்டே. ஏன்?"

"நீ எந்த நம்பர்ல வால்வைத் திருப்பினே?"

எத்திராஜ் கையிலிருந்த துணியால் வால்வின் சக்கரத்தைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"யாரு சொன்னது உனக்கு?" என்றார்.

'என்ன பேசறே' என்று அவர் கேட்டிருந்தால் கூட அவள் நம்பியிருப்பாள். நம்பக் காத்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"கோடு சொல்லுது. ஐசொலேட்டரை நீதான் இறக்கினியா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "முதலாளி கூப்ட்டுச் சொன்னாரு. அந்தப் பெரிய கம்பெனிக்காரன் நம்ம ஷெட்டையே எடுத்துக்கப் போறானாம். அவன்கிட்ட அவன் கவர்னர் கீது. நம்ம பேனல் இருந்தா அவன் வரமாட்டான். வீணா மேடம் கண்ணெதிர்ல ஒருதபா தோத்தாப் போதும்னாரு. ஷெட்ல பன்னெண்டு பேரு கீறோம் தமயந்தி. அவன் வரலன்னா ஆறு மாசத்துல பூட்டுதான்."

"அந்தப் பன்னெண்டுல நான் கீறனா இல்லியா?"

"நீ இல்லாமயா? உன்னை அசெம்ப்ளில வெச்சுக்கணும்னு நான்தான் கண்டிசனா சொன்னேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா ஒத்துக்குவியா?"

"மாட்டேன்."

"அதான்." பிரச்சினை தீர்ந்த மாதிரி அவர் தலையாட்டினார்.

"சரி, அதை வுடு," என்றாள் அவள். "நாலு நாளு. நாலு நாளு என் பக்கத்துல உக்காந்துக்கினு டார்ச் புடிச்சியே அண்ணா. இல்லாத தப்பைத் தேடறேன்னு தெரிஞ்சுக்கினே புடிச்சியே."

"உன்னைத் தனியா வுட மனசு வர்ல."

அவள் வால்வின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். எத்திராஜ் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. ஒரு அடி கிட்டே வந்தார். "இருபத்தாறு வரைக்கும் நிக்கத்தான் நெனச்சேன். முடியல. மிஷின் பக்கத்துல நீதானே நிக்கறே? சக்கரம் தெறிச்சா மொதல்ல உன் மேலதானே வரும்? அதான் முன்னாடியே மூடிட்டேன். உனக்கு ஒண்ணும் ஆவக்கூடாது, எனக்கு அதுதான்."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பொய்த் தண்ணீர் இல்லை. அதுதான் தமயந்தியால் தாங்கவே முடியாமல் போனது. எதிரி என்றால் மூஞ்சியைப் பார்த்துத் துப்பிவிட்டுப் போகலாம். அவளை உயிரோடு வைத்துக்கொண்டு அவள் உயிரை எடுத்தவரை என்ன செய்வது? அவள் திரும்பி நடந்தாள். அன்று மாலை முதல் வேறு மெட்ரோவில் போனாள்.

மறுநாள் வீணாவுக்குப் போன் செய்து, ஒரே ஒரு விஷயம் காட்டவேண்டும் என்று கன்னடத்தில் சொன்னாள். வெள்ளிக்கிழமை வீணா வந்தார். சுந்தரராமன் அறையில் லேப்டாப்பை வைத்து தமயந்தி மூன்று கோடுகளையும் காட்டினாள். ஷெட் விற்பதைப் பற்றியோ, முதலாளி கூப்பிட்டுச் சொன்னதைப் பற்றியோ வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டு பேர் என்று எத்திராஜ் சொன்னது காதில் இருந்துகொண்டே இருந்தது. "வால்வு ஏன் முன்னாடியே மூடியிருக்குன்னு எத்திராஜையே கேளுங்க மேடம்" என்று மட்டும் சொன்னாள். உண்மையைச் சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

எத்திராஜை வரவழைத்தார்கள். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வீணா கோட்டைக் காட்டிக் கேட்டார். எத்திராஜ் ஒருமுறை முதலாளியைப் பார்த்தார். தமயந்தியைப் பார்க்கவில்லை.

"குரல் நின்னா மூடணும், அது எங்க ரூல் மேடம்," என்றார். "நின்னுடுச்சு, மூடிட்டேன்."

"எந்த நம்பர்ல நின்னுது?"

"இருபத்திநாலுலயே. அதுக்கு அப்புறம் காதுல ஒண்ணும் வர்ல. பாவம், பயந்துட்டாங்க போல."

இண்டர்காமில் அவள் குரலைக் கேட்ட ஒரே காது அவருடையது. மற்றவர்கள் எல்லாரும் காதை மூடிக்கொண்டிருந்தார்கள். குரலைப் பதிவு செய்யும் பழக்கம் ஷெட்டில் இல்லை. இத்தனை வருடத்தில் அதற்குத் தேவையும் வரவில்லை. தமயந்தி அவரையே பார்த்தாள். பேனலைக் கொன்றதைக்கூட ஒருநாள் மன்னித்திருப்பாளோ என்னவோ. உடம்பெல்லாம் உதறியபோதும் இருபத்தஞ்சரை வரை சொல்லிக்கொண்டு நின்ற அவள் குரலை, அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த அந்தக் குரலை, இல்லை என்று சொல்லிவிட்டார். அதோடு 'பாவம்' என்று ஒரு வார்த்தையும்.

"அண்ணா," என்றாள்.

வீணா அந்த இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். மனிதர்களைப் பற்றி அவர் ஒரு முடிவுக்கும் வரவில்லை; கோட்டைப் பற்றி வந்தார். வால்வு எப்போது மூடினால் என்ன, பச்சைக் கோடு ஏன் செத்தது என்பதற்கு இன்னும் பதில் இல்லையே, ஒயரிலும் குற்றம் இல்லை என்கிறீர்களே என்றார். "இன்னொரு டெஸ்ட். வர்ற புதன்கிழமை. எல்லா ஐசொலேட்டருக்கும் எங்க ஆள் பூட்டுப் போடுவார், சாவி என்கிட்ட இருக்கும். குரல்தான் பிரச்சினைன்னா நம்பரையும் எங்க கிஷோரே சொல்லட்டும்."

சுந்தரராமன் தலையாட்டினார். வாடிக்கையாளர் கேட்கும் பரீட்சையை எந்த முதலாளி வேண்டாம் என்பார்?

"வால்வுலயும் வேற ஆளைப் போடுங்க மேடம்," என்றாள் தமயந்தி.

வீணா கையிலிருந்த கோப்பைப் புரட்டினார். வால்வு இறுக்கமானது, எத்திராஜைத் தவிர வேறு யாரும் கையாளக் கூடாது என்று பாதுகாப்புக் குறிப்பில் எழுதியிருந்தது. எழுதியவள் தமயந்தி. "நீங்களே எழுதியிருக்கீங்களே" என்று சொல்லி கோப்பை மூடிவிட்டார்.

ஆக, புதன்கிழமை எல்லாம் அந்தக் கையில்தான் இருந்தது. ஹீட்டரைப் பூட்டியாகிவிட்டது, அதை இனி யாரும் தொட முடியாது. ஆனால் பத்து நிமிடம் வால்வைத் தொடாமல் மெஷின் ஓடினால்தான் தேறியதாகக் கணக்கு. 'குரல் சரியா கேக்கல மேடம்' என்று சொல்லிக்கொண்டு எத்திராஜ் ஒரு சுற்றுத் திருப்பினால் போதும், மறுபடியும் தோல்வி, மூன்றாவது பரீட்சை யாரும் தரமாட்டார்கள். முதலாளி அவரை மறுபடி கூப்பிட்டுப் பேசினாரா? பேசியிருப்பார். என்ன பேசினார், இவர் என்ன சொன்னார் என்பது தமயந்திக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவருடைய முகத்தை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பேனலுக்கு முன்னால், அவள் நிற்கும் இடத்தில், கிஷோர் நின்றான். இண்டர்காமை அவன் காதில் மாட்டிவிட்டதும் அவள்தான். அவளுக்கு நிற்க இடம் கேட்டபோது எங்கு வேண்டுமானாலும் நில்லுங்கள் என்றார்கள். மணல்மூட்டைச் சுவரின் ஓரமாகப் போய் நின்றாள். அங்கிருந்து இடது பக்கம் பார்த்தால் மீட்டர் தெரியும். வலது பக்கம் பார்த்தால் எத்திராஜ்.

இருபத்துநாலாயிரத்தில் சக்கரம் நிலைத்தது. சுந்தரராமன் மெயின் சுவிட்சுக்குப் போனார். இன்று அவர் சிரிக்கவில்லை. தமயந்தி மீட்டரைப் பார்த்தாள். நான்கு வருடமாக இந்த ஒரு நொடிக்காகத்தான் காத்திருந்தாள்: சுமை விட்டுப்போகும், முள் ஏறும், அவள் ஹீட்டர் வந்து அதைப் பிடிக்கும், முள் தானாகத் தலைகுனிந்து இறங்கும். சின்னச் சோதனைகளில் எத்தனையோ முறை பார்த்ததுதான். முழு வேகத்தில், முழுச் சுமையில், சாட்சிகளுக்கு முன்னால் அது இன்னும் ஒருமுறைகூட நடந்ததில்லை.

சுவிட்ச் இறங்கும் 'டக்' சத்தம் கேட்டது.

கிஷோரின் உதடு அசையத் தொடங்கியது. மெஷினின் சுருதி ஏறியது. எத்திராஜின் கை வால்வின் சக்கரத்தில் இருந்தது, விரல்கள் அதைச் சுற்றிப் பிடித்திருந்தன. வலதுகை கட்டைவிரல் ஒரு தரம் எழுந்து மீண்டும் படிந்தது. தமயந்தி மூச்சை நிறுத்திக்கொண்டாள். அந்த விரல்கள் இறுகினால் பாய்ந்து போய்ப் பிடித்துக்கொள்ளவேண்டும் என்று கால் தயாராக நின்றது. இறுகவில்லை. சுருதி ஏறி, ஓரிடத்தில் நின்று, மெதுவாக இறங்கி, பழைய இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. கை அசையவில்லை.

பத்து நிமிடம் கழித்து வீணா கைதட்டிக்கொண்டே கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். "இருபத்தஞ்சு முந்நூறு! அவ்வளவுதான் ஏறிச்சு!" என்று கிஷோர் கத்தினான். ஷெட் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ தமயந்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். முதலாளி முதல் ஆளாக வந்து, எனக்கு அப்போதே தெரியும் என்றார்.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் எத்திராஜ் வந்து எதிரில் நின்றார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். முகத்தில் பழைய சிரிப்பு, மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர்கள் சிரிக்கும் சிரிப்பு.

"ஜெயிச்சிட்டே தமயந்தி," என்றார். "எனக்கு அங்கேருந்து எங்க தெரியுது? நீ பாத்தியே, சொல்லு. முள்ளு எப்படி எறங்குச்சு?"

"தெரியாதுண்ணா," என்றாள் தமயந்தி. "நான் உன் கையைப் பாத்துக்கினு இருந்தேன்."